கள்ளுண்ணாமையும் ஒரு மாணவனின் கேள்வியும்

திருக்குறளின் 93ஆம் அதிகாரத்தைப் போற்றுவோர் பலர். அதனை வாழ்க்கையோடு உரைத்துப் பார்ப்போர் சிலரே. இறக்கக்கண்டிக் களப்போரத்திலிருந்து வரும் என் மாணவன் ஒருவன் அவ்வாறு உரைத்துப் பார்த்தான். அன்று வகுப்பில் 929ஆம் குறளுக்குப் பொருள் கூறினேன். மது மயக்கத்தில் இருப்பவனுக்குக் காரணம் காட்டித் தெளிவிக்க முயல்வது, நீருள் மூழ்கியவனை விளக்கேந்தித் தேடுவது போன்றது என்பது அதன் கருத்து. "அப்படியென்றால் பேசிப் பயனில்லையா, சேர்?" என்று கேட்டான். அவனுடைய அண்ணன் ஹெரோயினுக்கு அடிமைப்பட்டவன் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

கடலோரத்தாருக்கு இவ்வுவமை விளக்கம் வேண்டாதது. நீரடியில் நெருப்பு நில்லாது. ஆயினும் வள்ளுவர் மூழ்கியவனைக் கைவிடவில்லை. கருவி தவறு என்றே கூறுகிறார். அடுத்த குறளே அதற்குச் சான்று. தான் உண்ணாத வேளையில், உண்டு மயங்கிய வேறொருவனைக் காண்பவன் தன் சோர்வை எண்ணிப் பாரானோ என்று 930 வினவுகிறது. முன்னது பேசலாகாத வேளையைச் சொல்ல, பின்னது சிந்திக்க வல்ல வேளையைக் காட்டுகிறது. இரண்டையும் பிரித்துப் படிப்பதாலேயே அதிகாரம் வெறும் கண்டனமாகச் சுருங்குகிறது.

எனினும் கள்ளுக்கு வகுத்தது ஹெரோயினுக்கு முற்றும் பொருந்தாது. கள் மயக்கம் தெளிந்தால் அறிவு திரும்பும். ஹெரோயின் மயக்கம் தெளிந்த சில மணி நேரத்திலோ உடல்வலியும் வாந்தியும் உறக்கமின்மையும் பற்றிக்கொள்கின்றன. அவ்வேளையிலும் அறிவுரை ஏறாது. மயக்கத்துக்கும் வேதனைக்கும் இடைப்பட்ட குறுகிய பொழுதே வீட்டாருக்கு வாய்ப்பது. அப்பொழுதில் "ஏன் குடும்பத்தைக் கெடுத்தாய்?" என்பதைவிட, "இதற்கு மருத்துவம் உண்டு, நானும் உன்னோடு வருகிறேன்" என்பதே பயன் தரும்.

அதிகாரத்தில் இன்னொரு குறையும் உண்டு. பத்துக் குறளும் உண்பவனையே பேசுகின்றன; விற்று வாழ்பவன் அங்கில்லை. தாயும் பொறாள், ஊரார் நகைப்பர், நாண் புறங்கொடுக்கும் என்று உண்பவனின் நாணமே தூண்டப்படுகிறது. நம் நாட்டிலும் இதுவே தொடர்கிறது. அடிமைப்பட்டோரின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்கும் 2007இல் தனிச் சட்டம் வந்தது. ஆயினும் 2023 டிசெம்பரில் தொடங்கிய 'யுக்திய' பொலிஸ் நடவடிக்கையில் பல்லாயிரவர் கைதாயினர். ஏழைகளின் வீடுகளே பெரிதும் சோதனைக்குள்ளாயின. நாணமும் அச்சமும் கூடிய இடத்தில் நோய் வீட்டுக்குள் ஒளிகிறது. மருத்துவரிடம் செல்ல வேண்டியவன் பொலிசாருக்கு அஞ்சி மறைகிறான்.

ஆசிரியத் தோழர்கள் இவ்வதிகாரத்தை விட்டுவிட வேண்டியதில்லை. 929ஐயும் 930ஐயும் சேர்த்துக் கற்பியுங்கள். அங்கில்லாத விற்பவனைப் பற்றியும் கேளுங்கள். மறுவாரம் நானும் அவ்வாறே கற்பித்தேன். அம்மாணவனின் அண்ணன் இன்னும் மீளவில்லை. ஆனால் வீட்டில் இப்போது அவனை ஏசுவதில்லையாம். காலையில் தாய் அருகிருந்து பேசுகிறாளாம். அன்றைய கேள்விக்கு என்னைவிட அத்தாயே நல்ல உரை எழுதிக்கொண்டிருக்கிறாள்.