திருக்காவலூர்க் கலம்பகமும் ஏலாக்குறிச்சிக் கோயிலும்

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடபால் உள்ள சிற்றூர் ஏலாக்குறிச்சி. அங்குள்ள அடைக்கல அன்னை கோயிலை வீரமாமுனிவர் (1680–1747) பெயரோடு இணைத்தே தமிழுலகம் அறியும். அவ்வூரைத் திருக்காவலூர் என வழங்கிக் கலம்பகமும் பாடினார் முனிவர். ஆதலின் கோயில் வரலாறு எழுதப் புகுவார்க்கு முதலில் கைக்கெட்டும் சான்று அந்நூலே ஆகின்றது. அச்சான்று எத்துணைப் பாரத்தைத் தாங்கும் என்பதே ஈண்டு ஆராயத் தக்கது.

கலம்பகம் கட்டடத்தைக் கண்டெழுதிய குறிப்பன்று. அம்மானை, ஊசல், களி, மறம், சித்து முதலிய உறுப்புகள் விரவிவர, பாட்டுடைத் தலைமைக்கு ஏற்ற பெருமையை ஊர்க்கும் ஏற்றிப் பாடுவது அதன் மரபு. தொன்னூல் விளக்கம் இயற்றிய முனிவர் அம்மரபை அறியாதவர் அல்லர். தேம்பாவணியின் நாட்டுப் படலத்தையும் நகரப் படலத்தையும் பயின்றார் இதனை எளிதில் உணர்வர். அங்கே யூதேயா தமிழ் மருதநிலமாகின்றது. எருசலேம் காப்பிய மாநகராகின்றது. அப்பாடல்களைக் கொண்டு எருசலேமின் தெருக்களை அளக்க எவரும் முற்படார். ஏலாக்குறிச்சிக் கோயிலை மட்டும் செய்யுள் கொண்டு அளத்தல் யாங்ஙனம் பொருந்தும்?

மற்றொரு சான்று, முத்துசாமிப் பிள்ளை 1822-இல் எழுதிய முனிவர் வரலாறு. எல்லிசு துரையின் தூண்டுதலால் ஊர்தோறும் சென்று சுவடி தேடியவர் அவர். அவ்வுழைப்புக்குத் தமிழர் கடப்பாடுடையர். எனினும் முனிவர் மறைந்து எழுபத்தைந்து ஆண்டு கழிந்தபின் செவிவழிச் செய்திகளும் கலந்து எழுந்த நூல் அது. முனிவர் சந்தா சாகிபுக்குத் திவானாக இருந்தார் என்பதைப் பிற்கால ஆய்வாளர் பலர் ஏற்றிலர். அரியலூர் மழவராயர் ஒருவரின் கட்டியை முனிவர் தீர்க்க, அவர் நிலம் வழங்கினார் என்னும் ஊர்வழக்கும் இவ்வாறே நுணுகி ஆராய்தற்குரியது. அழகிய கதை என்பதனாலேயே அது வரலாறாகிவிடாது.

அங்ஙனமாயின் கலம்பகம் வரலாற்றுக்குப் பயன்படாதோ எனின், பயன்படும், கட்டடத்துக்கன்று, பெயருக்கு. காவலூர் என்பதும் அடைக்கலம் என்பதும் ஒரு பொருளையே சுட்டுவன. கொள்ளிடத்தின் தென்பால் தஞ்சை மராத்தியர் ஆட்சி. வடபால் அரியலூர்ப் பாளையம். தஞ்சை நாட்டில் 1701-ஆம் ஆண்டளவில் கிறித்தவர் கடுமையாக ஒறுக்கப்பட்டனர். ஆற்றைக் கடந்து வந்தோர்க்குப் புகலாய் நின்ற இடத்துக்கு முனிவர் இப்பெயரை இட்டனர் எனக் கொள்ளுதல் எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. மாடத்தையும் கோபுரத்தையும் தேடிக் கலம்பகத்தைப் புரட்டுவோர், அஞ்சி வந்த அம்மக்களைத் தவறவிடுகின்றனர். புலவர் இட்ட பெயர் ஏட்டில் நிலைத்தது. மக்கள் நாவிலோ ஏலாக்குறிச்சியே நின்றது. இவ்வேறுபாடும் கருதத் தக்கதே.

இன்று நிற்கும் கோயிலில் பிற்காலத் திருப்பணிகளும் கலந்துள்ளன. அவற்றுள் முனிவர் காலத்துப் பகுதி இதுவெனத் துணிதற்குச் செங்கல்லையும் சுண்ணச் சாந்தையும் ஆராய வேண்டும். மதுரை மிசனிலிருந்து இயேசு சபையார் எழுதிய ஆண்டுக் கடிதங்களோடு ஒப்புநோக்கவும் வேண்டும். அப்பணிக்கு இலத்தீனும் போர்த்துக்கீசியமும் கற்ற தமிழ் மாணவர் இன்றியமையாதவர்.