ஜொகூர்: பெயர் ஒன்று, எல்லை பல

மலாய்ப் பழநூல்களைத் தமிழில் எடுத்துரைக்கும் நம் கட்டுரைகளில் ஒரு குறை அடிக்கடி காணப்படுகிறது. நூலில் 'ஜொகூர்' என்ற பெயர் வந்ததும், வகுப்பறைச் சுவரில் தொங்கும் நிலப்படத்தை நினைத்தே பொருள் கூறிவிடுகிறோம். பெயர் ஒன்றாயினும் அது சுட்டும் நிலம் காலந்தோறும் வேறு. இதனை மறந்தால் நூலும் விளங்காது, வரலாறும் திரிந்துவிடும்.

முதலில் 'செஜாரா மெலாயு'வை நோக்குவோம். 1612ஆம் ஆண்டைக் குறிக்கும் முன்னுரையோடு வழங்கும் இந்நூலை, ஜொகூரின் பெண்டகாரா துன் ஸ்ரீ லானாங்கின் பெயரோடு இணைத்துக் கூறுவர். நம்மவர் இதில் ராஜா சூரான் கதையை மட்டும் எடுத்து, 1025இல் இராசேந்திர சோழன் நிகழ்த்திய படையெடுப்புக்குச் சான்று காட்டி மகிழ்ந்து, அத்துடன் நூலை மூடிவிடுகின்றனர். கலிங்கத்து மன்னன் கதை அங்கு வருவது மலாக்கா அரசர்தம் குடிவழியை உயர்த்தற்பொருட்டே. 1511இல் மலாக்கா வீழ்ந்தபின் அவ்வழியினர் அமைத்த அரசே ஜொகூர். பகாங், ரியாவ் தீவுகள், சுமத்ராவின் சியாக் வரை அதன் செல்வாக்கு பரவியிருந்தது. தலைநகரும் ஓரிடத்தில் நிலைத்ததன்று. எந்த ஆற்றுமுகத்தார் யாருக்குத் திறை செலுத்தினர், கடல்மக்களான ஓராங் லாவுட் யாருக்குத் துடுப்புப் போட்டனர் என்பதே எல்லை. ஆதலின் நூலாசிரியர் நிலத்தைவிடக் குடிவழியை விரித்துரைத்தது குற்றமன்று. அக்குடிவழியே அவ்வரசின் நிலப்படம்.

அடுத்தது, பெஞ்ஙாட் தீவில் ராஜா அலி ஹாஜி 1865இல் எழுதத் தொடங்கிய 'துஹ்பத் அல்-நபிஸ்'. அதற்கு முன்பே, 1824இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் செய்த உடன்படிக்கை, நீரிணைக்குத் தெற்கே ஒரு பங்கும் வடக்கே ஒரு பங்குமாக அவ்வரசைப் பிளந்துவிட்டது. நூலோ மலாய், பூகிஸ் குடிகளின் உறவையும் உறுதிமொழிகளையும் இருகரைக்கும் பொதுவாகவே பேசுகிறது. இதனை அயல்நாட்டு நூலென ஒதுக்குவது, பின்னர் வரைந்த கோட்டால் முன்னோரைப் பிரிப்பதாகும்.

இன்றைய உருவம் எப்போது வந்தது? 1855இல் துமெங்கோங் இப்ராகிமுக்கு ஆட்சியுரிமை கிடைத்தும், மூவார் சுல்தான் அலியிடமே இருந்தது. பகாங்கோடு எண்டாவ் ஆற்றெல்லை 1868இல் தீர்ந்தது. மூவார் 1877இல் சேர்ந்தது. 1885இல் பிரிட்டன் அபூபக்காரை ஜொகூர்ச் சுல்தானாக ஏற்றது.

மலாயா விடுதலை பெற்ற 1957இலேயே விடுதலை பெற்ற மேற்கு ஆப்பிரிக்க நாடான கானா, தன் எல்லைக்கு வெகுதொலைவில், இன்றைய மாலி, மாரித்தானியா நிலங்களில் விளங்கிய பழம்பேரரசின் பெயரைச் சூடிக்கொண்டது. அங்கே பெயர் இடம் பெயர்ந்தது. இங்கே பெயர் நிற்க, எல்லை பெயர்ந்தது.

இது ஏட்டு வழக்கு மட்டுமன்று. பத்து பூத்தே தீவு குறித்து 2008இல் தீர்ப்பளித்த அனைத்துலக நீதிமன்றம், அது ஆதியில் ஜொகூருக்கு உரியது என ஏற்றது. அதற்கு அது கண்ட சான்றுகளுள் ஒன்று, ஓராங் லாவுட் மக்கள் சுல்தானுக்குக் காட்டிய பற்று. ஆயினும், அத்தீவின் உரிமையைக் கோரவில்லை என்று ஜொகூரின் தற்காலிக அரசுச் செயலர் 1953இல் எழுதிய கடிதம் உள்ளிட்ட பிற்காலச் செய்திகளைக் கொண்டு, தீவு சிங்கப்பூருக்கே என முடிவு செய்தது. பழைய எல்லை முறையும் புதிய எல்லை முறையும் ஒரே தீர்ப்பில் எதிர்ப்பட்டன.

தோட்டப்பள்ளி ஆசிரியர்க்கு இதில் தனிப்பொறுப்பு உண்டு. ஜொகூர் என்றும் இப்படியே இருந்தது என்று கற்பித்தால், நம் பிள்ளைகள் தம்மை முடிந்துபோன வரலாற்றில் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவராகவே எண்ணுவர். உண்மையோ வேறு. மாநிலத்தின் வடிவம் உறுதிப்பட்டதற்கும் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்ததற்கும் இடையே ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலமே உண்டு. இன்றைய ஜொகூர் உருவாகிவந்த காலத்திலேயே அவர்தம் முன்னோரும் இங்கு உழைத்தனர்.

எனவே பலகையில் ஒரு படம் போதாது; 1612, 1824, 1885 என மூன்று வேண்டும். 'ஜொகூர்' என்று மாணாக்கர் படிக்கும்போதெல்லாம், 'எந்த ஆண்டு ஜொகூர்?' என்று கேட்கப் பழக்குவோமாக.