இம்பிளான்ட் கிரவுனும் சிமென்ட்டின் பிடியும்

இம்பிளான்ட் மருத்துவம் ஸ்க்ரூவில்தான் தொடங்கியது. 1965-இல் ஸ்வீடனில் முதல் நோயாளிக்கு டைட்டானியம் பதித்த பிரோனமார்க்கின் வழிவந்தவர்கள், மேலே வைக்கும் பற்களை எப்போது வேண்டுமானாலும் கழற்றிப் பார்க்க முடிய வேண்டும் என்றார்கள். சிமென்ட் மரபு பிறகு வந்தது. சொந்தப் பல்லில் கிரவுன் ஒட்டிப் பழகிய கைகளுக்கு அது எளிதாக இருந்தது. மெல்லும் பரப்பில் ஸ்க்ரூவுக்கான துளை இல்லை. இம்பிளான்ட் சற்றுச் சாய்ந்திருந்தாலும் சமாளிக்கலாம்.

ஆனால் பல்லில் கற்ற சிமென்ட் தரவரிசை இங்கே அப்படியே செல்லாது. 1970-களின் தொடக்கத்தில் லண்டனில் வில்சனும் கென்ட்டும் அறிமுகப்படுத்திய கிளாஸ் அயனோமரின் பெருமையே பல்லின் கால்சியத்தோடு வேதிமுறையில் பிணைவதுதான். இம்பிளான்ட்டின் மேல் கிரவுனைத் தாங்கும் டைட்டானிய அபட்மென்ட்டில் கால்சியம் ஏது? ஜிங்க் பாஸ்பேட்டோ எதனோடும் பிணையாது. பரப்பின் நுண்ணிய சொரசொரப்பில் புகுந்து இறுகும். அதனால் உலோகத்திலும் அதன் பிடி நிற்கிறது. இழுத்துப் பார்க்கும் சோதனைகளில் பெரும்பாலும் ரெசின் சிமென்ட் மேலே, யூஜினால் கலந்த தற்காலிக சிமென்ட் கீழே. நடுவில் உள்ளவற்றின் வரிசை ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. சிமென்ட்டுக்கு முன்பே அபட்மென்ட்டின் உயரமும் அதன் பக்கச் சுவர்களின் சாய்வும் பிடியைத் தீர்மானித்துவிடுவது இதற்கு ஒரு காரணம். சுவர்கள் 6 டிகிரி அளவே சாய்ந்த, உயரமான அபட்மென்ட்டில் தற்காலிக சிமென்ட்டே நெடுநாள் தாங்கக்கூடும். குட்டையான அபட்மென்ட்டில் எந்த சிமென்ட்டையும் முழுதாக நம்ப எனக்கு மனம் வருவதில்லை. ஐஎஸ்ஓ 9917 தரநிலை, ஒட்டும் சிமென்ட்டின் படலம் 25 மைக்ரானுக்கு மிகக் கூடாது என்கிறது; அமுக்க வலிமையையும் கேட்கிறது. கிரவுனைப் பிடிக்கும் வலிமைக்கு அதில் அளவுகோல் இல்லை.

பிடியைவிட என்னைக் கவலைப்படுத்துவது மிச்சம்தான். இம்பிளான்ட்டைச் சுற்றிய ஈற்றின் நார்கள், பல்லில் உள்ளதுபோல் குறுக்கே ஊன்றாமல் இணையாக ஓடுவதால் பிதுங்கும் சிமென்ட் தடையின்றிக் கீழிறங்கும். 2009-இல் ஈறு மருத்துவர் தாமஸ் வில்சன் எண்டோஸ்கோப் வைத்துப் பார்த்தபோது, இம்பிளான்ட்டைச் சுற்றி நோய்க்குறி இருந்த இடங்களில் 81 சதவீதத்தில் மிச்ச சிமென்ட் இருந்தது. அதை அகற்றியபின் 74 சதவீதத்தில் குறிகள் மறைந்தன. ஜிங்க் கலந்தவை எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். சில ரெசின் சிமென்ட்டுகள் தெரியவே தெரியாது. ஈற்றுக்கடியில் விளிம்பு ஆழமாக இருக்கும் இடத்தில் அவற்றை நான் ஏற்கமாட்டேன்.

மிச்சத்தைக் குறைக்க நல்ல கைப்பழக்கம் ஒன்று உண்டு. கிரவுனின் உட்புறத்தை அச்செடுத்து அபட்மென்ட்டின் நகல் ஒன்று செய்துகொள்ள வேண்டும். சிமென்ட் தடவிய கிரவுனை முதலில் அதில் அழுத்தினால், மிகுதியானது விளிம்பைச் சுற்றி வளையமாகப் பிதுங்கும். துடைத்துவிட்டு உடனே வாயில் வைத்தால் உள்ளே மெல்லிய படலம் மட்டுமே மிஞ்சும்.

இன்று வேரூன்றிவரும் டைட்டானியம் பேஸ் மரபு ஸ்க்ரூ, சிமென்ட் இரண்டையும் இணைக்கிறது. வாய்க்கு வெளியே ரெசின் சிமென்ட்டால் கிரவுனை ஒட்டி, மிச்சத்தைத் துடைத்து மெருகேற்றி, ஸ்க்ரூவால் முடுக்குகிறார்கள். வலுவான சிமென்ட்டுக்கு உரிய இடம் இதுதான். வாயிலேயே ஒட்டுவதானால், எந்த சிமென்ட் என்பதை நோயாளியின் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். உள்ளே ஸ்க்ரூ தளர்ந்தால் கிரவுனைக் கழற்றலாமா, துளையிட வேண்டுமா என்பதை அடுத்த மருத்துவர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.