ஹாலுக்கு வந்த கணினி

ஹாலில் டிவி. அதற்குக் கீழே அலமாரியில், மேசையடியில் இருக்க வேண்டிய சி.பி.யு. பெட்டி. எதிரே சோபா, கையில் ஒரு எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர். நடுப்பொத்தானை அழுத்தியதும் ஸ்டீம் திரை முழுக்க விரிகிறது. கேம் படங்கள் பெரிது பெரிதாக வரிசைகட்டி நிற்கின்றன. ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் திரை கறுக்கிறது. அடுத்து கேம் வர வேண்டும். வருவதோ தபால்தலை அளவில் ஒரு சின்னச் சதுரம். கேமை வெளியிட்ட நிறுவனத்தின் லாஞ்சர் மறுபடியும் பாஸ்வேர்டு கேட்கிறது. கன்ட்ரோலரின் எந்தப் பொத்தானுக்கும் அது அசைவதில்லை. பத்தடி தள்ளி உட்கார்ந்திருப்பவர் எழுந்துபோய், அலமாரிக்குப் பின்னால் செருகிவைத்த கீபோர்டை இழுத்தெடுக்க வேண்டியதுதான்.

டெஸ்க்டாப்பைக் கன்சோலாக்கி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சதுரம் நன்றாகத் தெரியும். கிராபிக்ஸ் கார்டின் வலிமையோ டிவியின் அகலமோ ஒரு பெட்டியைக் கன்சோலாக்கிவிடுவதில்லை. உட்கார்ந்த இடத்தைவிட்டு எழ வேண்டியிராது என்ற உறுதிதான் கன்சோல். கணினியை ஹாலுக்குக் கொண்டுவரும் பழக்கத்தையும் அந்த உறுதியை வைத்தே எடைபோட வேண்டும்.

வால்வ் நிறுவனம் 2012-இல் தன் கேம் கடையான ஸ்டீமுக்குள் ‘பிக் பிக்சர்’ வசதியைக் கொண்டுவந்தபோது இந்த ஆசைக்கு ஒரு வழி பிறந்தது. தூரத்திலிருந்தும் படிக்க முடிகிற எழுத்து, கன்ட்ரோலரிலேயே நகர்த்தும் பட்டியல், ஸ்டிக்கைத் திருப்பித் தட்டச்சு செய்யும் முறை என்று எல்லாம் சோபாவை மனத்தில் வைத்து அமைந்தவை. 2015 நவம்பரில் ஏலியன்வேர் போன்ற தயாரிப்பாளர்களோடு சேர்ந்து ‘ஸ்டீம் மெஷின்’ பெட்டிகளும் கடைக்கு வந்தன. அவை எடுபடவில்லை. உள்ளே ஓடிய ஸ்டீம் ஓ.எஸ். லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. விண்டோஸுக்காக எழுதிய பெரிய கேம்களில் பெரும்பாலானவை அதில் ஓடவில்லை. ஹாலுக்குக் கன்சோல் வாங்க வருபவரிடம் ‘நீங்கள் கேட்கும் கேம் இதில் கிடையாது’ என்றால் அதற்குமேல் என்ன பேச்சு?

அந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தது 2018 ஆகஸ்டில் வந்த ப்ரோட்டான். விண்டோஸ் கேம் விடுக்கும் கட்டளைகளை லினக்ஸுக்குப் புரியும்படி அவ்வப்போதே மாற்றித்தரும் மென்பொருள் அது. 2022 பிப்ரவரியில் வெளியான ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி அதன் பலத்தில்தான் நின்றது. டெக்குக்காக வரைந்த திரையமைப்பு 2023-இல் டெஸ்க்டாப்பின் பிக் பிக்சருக்கும் வந்துசேர்ந்தது.

கன்ட்ரோலர் விஷயத்தில் கணினி இன்று கன்சோலையே மிஞ்சி நிற்கிறது. எக்ஸ்பாக்ஸ் 360 வந்த 2005-ஆம் ஆண்டுவாக்கில் மைக்ரோசாஃப்ட் ‘எக்ஸ்இன்புட்’ என்ற பொதுமுறையை வகுத்தது. அதற்குமுன் ஒவ்வொரு ஜாய்ஸ்டிக்குக்கும் ஒவ்வொரு பொத்தான் வரிசை. கேமுக்குக் கேம் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டியிருந்தது. 2016 கடைசியில் ஸ்டீம் பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலரையும் சேர்த்துக்கொண்டது. எந்தப் பொத்தான் எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்பதைக் கேமுக்குக் கேம் தனித்தனியே மாற்றி வைக்கலாம். கன்ட்ரோலரையே அறியாத பழைய கேமில் ஸ்டிக்கை மவுஸாக்கலாம். இது வெறும் சொகுசு இல்லை. ஒரு கையால் மட்டுமே விளையாட முடிகிறவருக்கு, விரலில் வலுவில்லாதவருக்கு, இந்தச் சுதந்திரம்தான் கேமின் வாசலையே திறந்துவிடுகிறது. மாற்றுத்திறனாளிகளுக்காக 2018-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரும் விண்டோஸில் வேலை செய்கிறது. சின்னச் சின்ன உறுத்தல்கள் உண்டு. பிளேஸ்டேஷன் 5-இன் டூயல்சென்ஸ் கன்ட்ரோலரைப் பிடித்திருப்பவரிடம் பல கேம்கள் ‘ஏ-யை அழுத்து’ என்கின்றன. அவர் கையில் இருப்பதோ பெருக்கல் குறி. இரண்டு நாளில் பழகிவிடும்.

காசுக் கணக்குக்கு வருவோம். 2021 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் போடும் பெட்டியின் விலை 49,990 ரூபாய். கிராபிக்ஸ் கார்டுகள் யானை விலைக்கு விற்ற காலம் அது. அந்தத் தொகையில் அதே திறனுள்ள கணினியைக் கட்டியிருக்க முடியாது. ஆகவே கன்சோலைவிட மலிவு என்று நினைத்துப் புதுக் கணினி வாங்குவது தவறான கணக்கு. வீட்டில் ஏற்கெனவே நல்ல கிராபிக்ஸ் கார்டோடு ஒரு கணினி இருந்தால் கணக்கே வேறு. கன்ட்ரோலருக்கும் கேபிளுக்கும் ஆகும் செலவுதான். பிளேஸ்டேஷனில் காசு கொடுத்து வாங்கிய கேமைக்கூட இணையத்தில் மற்றவர்களோடு ஆடப் பெரும்பாலும் தனிச் சந்தா கட்ட வேண்டும்; கணினியில் அந்தக் கட்டணம் இல்லை. பத்தாண்டுக்கு முன் வாங்கிய கேமும் அதே பட்டியலில் காத்திருக்கும். இருவர் சேர்ந்தே ஆட வேண்டிய ‘இட் டேக்ஸ் டூ’ போன்ற கேமை மேசைமுன் இரண்டு நாற்காலி போட்டு நெருக்கியடித்து ஆடுவதற்கும் சோபாவில் சாய்ந்து ஆடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு மாலையிலேயே உணரலாம்.

அமைக்கும் வேலையில் பலரும் சறுக்குவது கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில். கன்ட்ரோலரின் வயர்லெஸ் சிக்னலை வாங்கும் டாங்கிளைச் சி.பி.யு.வின் பின்பக்கம், நீல நிற யு.எஸ்.பி. 3.0 துளையில் செருகிவிடுகிறார்கள். பிறகு பொத்தான் அழுத்தியது தாமதமாகப் போகிறது, பாத்திரம் தானாக நடக்கிறது, இணைப்பு விட்டுவிட்டு வருகிறது. பழி கன்ட்ரோலர்மேல் விழுகிறது. யு.எஸ்.பி. 3.0 வேலை செய்யும்போது எழும் ரேடியோ இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குழப்பும் என்று இன்டெல் 2012-லேயே ஆய்வறிக்கை வெளியிட்டது. பல வயர்லெஸ் கன்ட்ரோலர்கள் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். போதாததற்கு நடுவில் இரும்புப் பெட்டி வேறு. ஒரு முழ நீட்சிக் கேபிளில் டாங்கிளை மாட்டி, டிவிக்கு அருகே சோபாவைப் பார்த்தபடி வைத்தால் பெரும்பாலும் தொல்லை தீர்ந்துவிடும். இதோடு டிவியில் ‘கேம் மோட்’ போட வேண்டும். இல்லையென்றால் படத்தை மெருகேற்ற டிவி எடுத்துக்கொள்ளும் நேரம் கைக்கும் கண்ணுக்கும் நடுவே இடைவெளியாக நிற்கும்.

இனி, அமைத்துத் தீராத குறைகள். கன்சோலின் பொத்தானைத் தொட்டால் டிவியும் சேர்ந்து விழிக்கும்; ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் வழியே போகும் ‘சி.இ.சி.’ கட்டளை செய்யும் வேலை அது. டெஸ்க்டாப்பின் கிராபிக்ஸ் கார்டுகளில் பெரும்பாலும் அந்த வசதி இல்லை. ப்ளூடூத் கன்ட்ரோலரால் உறங்கும் கணினியைப் பல நேரம் எழுப்பவும் முடிவதில்லை. ஆட்டத்தின் நடுவே உறங்கவைத்த கேம் விழித்ததும் விட்ட இடத்தில் நிற்கும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. இன்னொன்று, படம் திடீரென்று ஒரு கணம் திக்குவது. கன்சோல் எல்லாவற்றிலும் ஒரே சிப் என்பதால் ‘ஷேடர்’ எனப்படும் சிறு நிரல்களை முன்கூட்டியே தயாரித்து அனுப்பிவிடலாம். கணினியில் கார்டுக்குக் கார்டு அவை மாறும். விளையாடும் நேரத்திலேயே தயாராவதால் வரும் திக்கல் அது. ‘எல்டன் ரிங்’ 2022-இல் வெளிவந்தபோது கணினியில் ஆடியவர்கள் இதைப் பற்றித்தான் புலம்பினார்கள்.

விண்டோஸை விட்டு, ஸ்டீம் ஓ.எஸ். பாணியில் அமைந்த பஸைட் என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்குப் போகிறவர்களும் உண்டு. கணினியை ஏற்றியதும் நேரே கேம் பட்டியல் வருவது பெரிய நிம்மதி. அதற்கு ஒரு விலையும் உண்டு. ஏமாற்று ஆட்டத்தைத் தடுக்கும் மென்பொருள் காரணமாக ‘வாலரன்ட்’, ‘ஃபோர்ட்நைட்’ இரண்டும் லினக்ஸில் ஓடுவதில்லை. ‘அபெக்ஸ் லெஜண்ட்ஸ்’ 2024-இல் லினக்ஸுக்குக் கதவை மூடிக்கொண்டது. வீட்டுப் பிள்ளைகள் ஆடுவது இவற்றைத்தான் என்றால் அந்த வழியே வேண்டாம்.

மைக்ரோசாஃப்டும் தாமதமாக விழித்துக்கொண்டிருக்கிறது. 2025 அக்டோபரில் வந்த ரோக் எக்ஸ்பாக்ஸ் அலை என்ற கையடக்கக் கருவி, டெஸ்க்டாப்பை ஏற்றாமல் நேரே எக்ஸ்பாக்ஸ் திரைக்குப் போகிறது. ஆனால் அந்தச் சின்னச் சதுரத்தை ஒழிக்கும் பொறுப்பு கேம் வெளியிடும் நிறுவனங்களிடம்தான் இருக்கிறது. கேமுக்குக் காசு வாங்கியபிறகு இன்னொரு லாஞ்சரைத் திணிப்பது, அதுவும் மவுஸ் இல்லாமல் நகராத ஒன்றைத் திணிப்பது, வாங்கியவரை மதிக்காத செயல்.

கேமை வாங்கும்முன் ஸ்டீம் கடையில் ‘டெக் வெரிஃபைட்’ என்ற பச்சைக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் ஸ்டீம் டெக் இல்லாவிட்டாலும் அந்தக் குறி உதவும். எழுத்து படிக்கும்படி இருக்கிறதா, லாஞ்சர் வந்தால் அதையும் கன்ட்ரோலரால் கடக்க முடிகிறதா என்று சோதித்த பிறகே அதைத் தருகிறார்கள். புதுப் பெட்டிக்குச் செலவழிக்கும்முன், இருக்கும் கணினியை நீளமான ஹெச்.டி.எம்.ஐ. கேபிளில் டிவியோடு இணைத்து ஒரு மாதம் ஆடிப்பாருங்கள். அந்த மாதத்தில் எத்தனை முறை கீபோர்டைத் தேடி எழுந்தீர்கள் என்று எண்ணி வையுங்கள். கன்சோல் வாங்குவதா வேண்டாமா என்பதை அந்த எண்ணை வைத்து முடிவுசெய்யுங்கள்.