சிவகாமியின் முன்கதை: தலைவி அறிமுகமும் சொல்லின் அதிகாரமும்

காலத்தால் பின்னர் எழுதப்பெற்று, நிகழ்ச்சியால் முற்பட்டு நிற்கும் கதையை முன்கதை எனலாம். இவ்வமைப்பின் வேர் தமிழில் பழமையானது. சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலையுண்ட பின்னரே, கட்டுரை காதையில், மதுராபதித் தெய்வம் அவனது முற்பிறப்பு வினையைக் கண்ணகிக்கு உரைக்கிறது. மணிமேகலை மணிபல்லவத்துப் புத்தபீடிகையைக் கண்ட பின்னரே தன் பழம்பிறப்பை உணர்கிறாள். முன் நிகழ்ந்தது பின்னர்ச் சொல்லப்படுவதால், ஏற்கெனவே சொல்லப்பட்டதன் பொருள் மாறுகிறது. மிகுபுனைவுத் தொடர் ஒன்றில் தலைவியை அறிமுகப்படுத்த இவ்வுத்தி பயன்படும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

கொச்சியை அடுத்த திருப்பூணித்துறையில் பிறந்த ஆனந்த் நீலகண்டன் ஆங்கிலத்தில் எழுதிய ‘தி ரைஸ் ஆஃப் சிவகாமி’ 2017 மார்ச்சில் வெளிவந்தது. எஸ். எஸ். ராஜமௌலி இயக்கிய பாகுபலித் திரைப்படங்களின் முன்கதையாக அமைந்த நூல்வரிசையில் இது முதலாவது. முதற்படம் 2015 ஜூலையிலும் இரண்டாம் படம் 2017 ஏப்ரலிலும் வெளியாயின. ஆசிரியரின் ஊரிலிருந்து ஆலுவா வழியே வடக்கு நோக்கிச் சென்று அடையத்தக்க அதிரப்பள்ளி அருவியில் முதற்படத்தின் சில காட்சிகள் எடுக்கப்பட்டன. அருவியும் ஆறும் சூழ்ந்த களத்தில் தொடங்கும் அப்படம் சிவகாமியின் இறப்பையே முதலில் காட்டுகிறது. முதுகில் அம்பு தைத்த நிலையில், தான் வெள்ளத்தில் மூழ்கியும், குழந்தையை ஒரு கையால் நீருக்கு மேல் ஏந்துகிறாள். எனவே, நாவலைத் திறக்கும் வாசகர் தலைவியின் முடிவை அறிந்தே அவளது தொடக்கத்தை நாடுகிறார். அடுத்து என்ன நிகழும் என்பதைவிட, இவள் எவ்வாறு இவளானாள் என்பதே அவரது வினாவாகிறது.

படத்தின் சிவகாமி ஆணையிடுபவள். அவள் வாய்ச்சொல்லே சாசனமாகிறது. சொல்லுதலும் செய்தலும் அவளிடம் ஒன்றே. நாவல் இதற்கு நேர்மாறான நிலையில் அவளை நிறுத்துகிறது. அவளுடைய தந்தை தேவராயர் துரோகி எனப் பழிக்கப்பட்டு மகிழ்மதி அரசனால் கொல்லப்படுகிறார். திம்மா என்பவரின் வீட்டில் வளர்ந்த அவள் அங்கிருந்தும் பிரிக்கப்பட்டு, ஆதரவற்றோர் இல்லத்தில் விடப்படுகிறாள். அவள் சொல்லுக்கு அங்கு மதிப்பில்லை. தந்தை விட்டுச்சென்ற சுவடியோ அவளால் படிக்க இயலாத பைசாசி மொழியில் உள்ளது.

இம்மொழித் தேர்வு கருதத்தக்கது. படத்தில் காலகேயருக்கென மதன் கார்க்கி கிளிக்கி என்னும் மொழியைப் புதிதாகப் படைத்தார். அது பகைவரின் அயன்மையை ஒலியால் உணர்த்துவது. பைசாசியோ குணாட்டியரின் பிருகத்கதை இயற்றப்பட்ட மொழியென மரபு கூறுவது. மூலநூல் கிடைக்கவில்லை, தமிழில் கொங்குவேளிரின் பெருங்கதை அக்கதைமரபின் வழியில் நிற்கிறது. மூலம் மறைந்த நூலோடு இணைத்து நினைக்கப்படும் மொழியில், மறைக்கப்பட்ட உண்மை எழுதப்பட்டிருப்பது பொருத்தமே. கிளிக்கியின் அயன்மை எல்லைக்கு அப்பாலிருந்து வருகிறது. பைசாசியின் அயன்மை தலைவியின் சொந்த வீட்டிற்குள்ளிருந்து எழுகிறது.

தலைவியின் பெயரும் அறிமுகத்தில் பங்கு கொள்கிறது. தமிழ் வாசகருக்கு அது கல்கியின் ‘சிவகாமியின் சபத’த்தை (1944–46) நினைவூட்டும். கல்கியின் சிவகாமி பகைவனின் தலைநகர் எரிய வேண்டுமெனச் சபதம் செய்கிறாள். நீலகண்டனின் சிவகாமியோ தான் வாழும் நாட்டையே அழிக்க உறுதி பூணுகிறாள். பின்னாளில் அந்நாட்டையே காக்கப் போகிறவள் அவள் என்பதை வாசகர் அறிவார். இம்முரணே நூலை நடத்திச் செல்லும் விசை.

இம்முரணின் முழு ஆழம் இரண்டாம் படத்தோடு சேர்த்துக் காணும்போதே புலப்படும். அப்படத்தில், சூழ்ச்சியை மெய்யென நம்பும் சிவகாமி, அமரேந்திர பாகுபலியைக் கொல்லுமாறு கட்டப்பாவுக்கு ஆணையிடுகிறாள். தந்தை குற்றமற்றவர் என்ற நம்பிக்கையோடு வளர்ந்த பெண், குற்றமற்ற மகனைத் துரோகியெனத் தீர்க்கும் அரசியாகிறாள். படத்தை மட்டும் கண்டவருக்கு அவ்வாணை ஏமாற்றப்பட்டவளின் பிழை. முன்கதையைக் கற்றவருக்கோ, தனக்கு இழைக்கப்பட்ட அநீதியை அவளே மீண்டும் இழைத்த அவலம்.

‘அசுரா’ (2012) நாவலில் இராவணன் பக்கம் நின்று கதை சொன்ன ஆசிரியருக்கு வீழ்ந்தவரின் நோக்கு இயல்பாகவே கைவந்துள்ளது. எனினும் குறையும் உண்டு. கட்டப்பா முதலிய பலரின் கிளைக்கதைகள் பெருகுவதால், தலைவி பல இடங்களில் ஓரத்திற்குத் தள்ளப்படுகிறாள். அழிக்க வந்தவள் காப்பவளாகும் மாற்றத்தை முதல் நூல் முடித்துக் காட்டவில்லை. 2020இல் வெளிவந்த அடுத்த இரு நூல்களுக்கு அது விடப்பட்டது. பெயருக்கேற்ப எழுச்சியைக் காட்ட வேண்டிய நூலுக்கு இது சிறிய குறையன்று.

ஆயினும், தலைவியின் இளமைச் செய்திகளைத் தொகுத்துத் தருவதோடு அமைவது முன்கதையின் பயனன்று என்பதை இந்நூல் நிறுவுகிறது. சொல் மறுக்கப்பட்ட ஒருத்தியின் கையில் பின்னாளில் சொல்லின் முழு அதிகாரமும் வந்து சேரும்போது, அவள் அதனை எவ்வாறு ஆள்வாள் என்ற வினாவை இது எழுப்புகிறது. அவ்வினாவோடு மீண்டும் படத்தைக் காண்பவருக்கு, வெள்ளத்தில் குழந்தையை ஏந்திய கை வீரத்தை மட்டும் காட்டுவதில்லை. தன் தீர்ப்பைத் திருத்த முயன்ற கையாகவும் தோன்றும்.