புறநானூறும் போரறமும்: ஒரு மறுநோக்கு

பண்டைத் தமிழர் போரிலும் அறம் பேணினர் என நிறுவ முற்படுவோர் புறநானூற்றின் 9ஆம் பாடலையே பெரிதும் எடுத்தாள்வர். பசுக்களும் பார்ப்பனரும் பெண்டிரும் பிணியாளரும் புதல்வரைப் பெறாதோரும் அரண் தேடிச் செல்லுக என முன்னறிவித்த பின்னரே அம்பு தொடுப்பவன் எனப் பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை அப்பாடலில் நெட்டிமையார் போற்றுகின்றார்.

ஆயின், 15ஆம் பாடலையும் இதனோடு இணைத்து நோக்குதல் வேண்டும். பாடிய புலவர் அவரே. பாடப்பட்ட மன்னனும் அவனே. திணையும் அதே பாடாண் திணையாகும். பகைவரது தெருக்களைக் கழுதை பூட்டி உழுது பாழ்செய்தமையும், விளைவயல்களில் தேர் செலுத்தியமையும், காவலமைந்த நீர்நிலைகளில் யானைகளைப் படியவிட்டமையும் ஈண்டுப் புகழாகின்றன. அம்புக்குத் தப்பியோர் மீண்டுவந்து எதனை உண்பர், எதனைப் பருகுவர் என்னும் வினா புலவரிடம் எழவில்லை.

இதனை ஒரு புலவரின் முரண்பாடு எனத் தள்ளிவிடலாகாது. பசு, பார்ப்பனர், தென்புலத்தார் கடனிறுக்கப் புதல்வரில்லாதோர் ஆகியோரை முதன்மைப்படுத்தும் அப்பட்டியல் வேள்விச் சமூகத்தின் விழுமியங்களைத் தழுவியது. 15ஆம் பாடலும் தோற்ற பகைவரையும் நாட்டப்பெற்ற வேள்வித் தூண்களையும் ஒப்பிட்டு, எவை பல எனக் கேட்டே முடிகின்றது. உழுதுண்போர் அவ்வறத்தின் எல்லைக்கு வெளியே நிற்கின்றனர்.

இது தமிழர்க்கு மாத்திரம் உரிய குறைபாடன்று. விவிலியத்தின் உபாகமம் 20ஆம் அதிகாரம், முற்றுகையின்போது கனிமரங்களை வெட்டலாகாது என விதிக்கின்றது. அதே அதிகாரம், கானான் நாட்டு நகர்களில் சுவாசமுள்ள எதனையும் உயிரோடு விடலாகாது என்றும் கட்டளையிடுகின்றது. மரத்துக்குக் கிடைத்த காப்பு அந்நகர மாந்தர்க்குக் கிடைக்கவில்லை. ஆகவே, ஒரு சமூகத்தின் போரறத்தை மதிப்பிடுவோர் அது யாரைக் காத்தது என்பதோடு யாரை விடுத்தது என்பதையும் வினவுதல் இன்றியமையாதது.

புறநானூற்றிலேயே வேறொரு குரலும் உண்டு. மலையமானின் மக்களை யானைக்காலில் இடத் துணிந்த சோழன் கிள்ளிவளவன் முன்னிலையில் கோவூர்கிழார் பாடியது 46ஆம் பாடல். யானையைக் கண்டு அழுகையையும் மறந்து, புதிய மன்றத்தை மருண்டு நோக்கும் சிறுவரை அவர் மன்னனுக்குக் காட்டுகின்றார். கேட்டபின் விரும்பியதைச் செய்க என்று முடிக்கின்றார். நெட்டிமையார் வென்றவனின் அறத்தை வாழ்த்தினார். கோவூர்கிழாரோ பகைவன் பிள்ளைகளின் சார்பில் வென்றவனிடம் வழக்குரைத்தார். போரறம் பற்றிய நம் மரபை இப்பாடலிலிருந்து தொடங்குவதே பொருத்தமெனத் தோன்றுகின்றது.

1977ஆம் ஆண்டின் ஜெனீவா மேலதிக நெறிமுறை, குடிமக்களின் பயிர்நிலங்களையும் குடிநீர் நிலைகளையும் அழிப்பதைத் தடைசெய்தது. நெட்டிமையார் புகழ்ந்த செயல் குற்றமாவதற்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் சென்றன. எனினும், விதி எழுதப்பட்டமையால் மாத்திரம் வயல்கள் காக்கப்படுவதில்லை. 1983 முதல் 2009 வரை நீண்ட போரைக் கண்ட இந்நாட்டில், முன்னறிவித்தோம் என்னும் கூற்றின் எடையை நாம் ஏடுகளிலிருந்து மாத்திரம் அறிந்தவர்களல்லர். 9ஆம் பாடலைப் பெருமையுடன் எடுத்தோதும்போது 15ஆம் பாடலையும் உடன்வைத்து ஓதுவதே நேர்மையான திறனாய்வாகும்.