திருமந்திரம் கூறும் இயமமும் இன்றைய யோக வகுப்பும்: பட்டர்வொர்த்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

2014ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை ஜூன் 21ஆம் நாளை அனைத்துலக யோக நாளாக அறிவித்தது. அத்தீர்மானத்தை 177 நாடுகள் இணைந்து முன்மொழிந்தன. இத்துணைப் பரவிய ஒரு கலையை எல்லாருக்கும் இடமளிப்பதாகவும், அது தோன்றிய மரபுக்கு மதிப்பளிப்பதாகவும் கற்பிப்பது எங்ஙனம் என்னும் வினா பல நாடுகளில் எழுந்துள்ளது. மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் அருகருகே வாழும் பட்டர்வொர்த் போன்ற நகரில் இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. வகுப்பு நடத்தும் ஒவ்வோர் ஆசிரியரும் அதற்கு விடை கூறியாக வேண்டும். இதுகாறும் முன்வைக்கப்பட்ட விடைகளைத் திருமூலரின் இயமக் கோட்பாட்டைக் கொண்டு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலேசியச் சூழல்

2008ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் மலேசியத் தேசிய ஃபத்வா மன்றம் யோகம் பற்றிய தன் முடிவை வெளியிட்டது. உடலசைவு, மந்திரம் ஓதுதல், வழிபாடு ஆகிய மூன்றும் கலந்த யோகம் முஸ்லிம்களுக்கு விலக்கப்பட்டது என்பது அதன் சாரம். உடலசைவு மட்டும் தன்னளவில் தவறன்று எனினும், ஒன்று மற்றொன்றிற்கு இட்டுச்செல்லும் என்பதால் அதனையும் தவிர்த்தலே நன்று என மன்றத் தலைவர் விளக்கினார். சில நாள்களில் அன்றைய பிரதமர் அப்துல்லா அகமது படாவி, மந்திரம் ஓதாமல் பயிற்சியைத் தொடரலாம் என்றார். இத்தகைய முடிவு முதலில் ஆட்சியாளர் மன்றத்தின் கவனத்திற்குச் சென்றிருக்க வேண்டும் எனச் சிலாங்கூர் சுல்தான் கருத்துரைத்தார்.

தேசிய மன்றத்தின் கருத்து ஒரு மாநிலத்தில் சட்டவலிமை பெற, அம்மாநில அரசிதழில் அது வெளிவர வேண்டும் என்பதையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும். ஆயினும் சட்டத்தை விட ஆழமான சிக்கல் ஒன்று இங்கு உண்டு. யோகத்தில் உடற்பயிற்சி எது, வழிபாடு எது என்று கேட்கப்பட்டபோது யோகம் கற்பிப்போர் தரப்பிலிருந்து தெளிவான மறுமொழி எழுந்ததா என்பதே அது.

இரு விடைகளின் குறை

உலக அளவில் இவ்வினாவிற்கு இரு விடைகள் கூறப்பட்டுள்ளன. முதலாவது, நீக்குதல். அமெரிக்காவின் அலபாமா மாநிலம் 1993ஆம் ஆண்டு முதல் பள்ளிகளில் யோகத்தைத் தடைசெய்திருந்தது. 2021ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சியை அனுமதித்தது. ஆனால் மந்திரத்தையும் ‘நமஸ்தே’ என்னும் வணக்கச் சொல்லையும் விலக்கியது. ஆசனங்களுக்கு ஆங்கிலப் பெயர்களே வழங்க வேண்டும் என்றது. இங்குப் பயன் ஏற்கப்படுகிறது. அதைத் தந்தோரின் மொழி மறைக்கப்படுகிறது. இதனைப் பண்பாட்டு மதிப்பு எனல் இயலாது.

இரண்டாவது, உரிமை கோருதல். யோகம் இந்து சமயத்தின் உடைமை, அதனை மீட்க வேண்டும் என்னும் இயக்கம் 2010ஆம் ஆண்டளவில் அமெரிக்க இந்து அமைப்பொன்றால் முன்னெடுக்கப்பட்டது. மறைக்கப்பட்ட மூலத்தை நினைவூட்டியது அதன் தகுதி. எனினும், ஒவ்வோர் அசைவும் வழிபாடே என்று கொண்டால், பிற சமயத்தார் அஞ்சுவது சரியே என்று நாமே ஒப்புக்கொண்டதாகும். வரலாறும் அதற்குத் துணைசெய்வதில்லை. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் எடுத்துரைக்கும் பத்திரம், கோமுகம், பங்கயம், கேசரி, வீரம், சுகாதனம் முதலியன பெரும்பாலும் அமர்வு நிலைகள். இன்றைய வகுப்புகளில் மிகுதியாகக் காணப்படும் நின்றநிலைத் தொடர்ப் பயிற்சிகளோ, 1930களில் மைசூர் அரண்மனையில் கற்பித்த கிருஷ்ணமாச்சாரியார் போன்றோர் வழி உருப்பெற்றவை. அக்கால உடற்பயிற்சி முறைகளின் தாக்கம் அவற்றில் உண்டு என மார்க் சிங்கிள்டன் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு விரிவாக எடுத்துக்காட்டியுள்ளது.

ஆக, யோகம் என இன்று வழங்குவது ஒரே பொருளன்று. வெவ்வேறு காலத்து அடுக்குகள் அதில் உள்ளன. சமயச் சார்பே இல்லை என்பாரும் முழுவதும் வழிபாடே என்பாரும் இவ்வடுக்குகளைப் பிரித்துக் காணத் தவறுகின்றனர்.

திருமூலரின் இயமம்

எட்டு உறுப்புகளில் ஆதனம் மூன்றாவது, இயமமே முதலாவது. பதஞ்சலி இயமமாக ஐந்தனைக் கூறுவார். அவை இன்னா செய்யாமை, வாய்மை, கள்ளாமை, பிரமசரியம், பொருள் பற்றின்மை என்பன. திருமூலரோ கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை ஆகியவற்றுடன் அடக்கம், நடுவுநிலை, பகுத்துண்ணல், கள்ளும் காமமும் இன்மை முதலியவற்றையும் சேர்ப்பார். நடுவுநிலையும் பகுத்துண்ணலும் பதஞ்சலியின் ஐந்தில் பெயர் சுட்டப்படாதவை. பிறரோடு வாழும் முறையை யோகத்தின் வாயிலில் வைத்தது தமிழ் மரபு தந்த சிறப்பு என்பது நம் கருத்து. எல்லாரையும் உள்ளடக்குதல் என்னும் கருத்து அண்மையில் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதன்று என்பதற்கு இப்பாடற்பகுதியே சான்றாகும்.

அதே வேளையில், திருமந்திரம் சைவ நூல் என்பதை மறைத்தலும் தகாது. அதன் யோகம் சிவத்தை நாடுவது. இயமத்துள் ஒன்றாகிய பொய்யாமையே இதனை வெளிப்படையாகக் கூறும் கடமையை நமக்கு விதிக்கிறது.

பட்டர்வொர்த் வகுப்பிற்குப் பொருத்துதல்

இவ்வளவுகோலைப் பட்டர்வொர்த்தில் நடக்கும் ஒரு வகுப்பிற்குப் பொருத்திப் பார்ப்போம். பொய்யாமை என்பது, இன்றைய வகுப்பில் மந்திரம் உண்டா, தியானம் உண்டா, அது எம்மரபினது என்பதை முன்கூட்டியே அறிவித்தல். முஸ்லிம் அண்டை வீட்டார் தம் சமயத்திற்கு உகந்ததைத் தாமே முடிவு செய்வார். அவருக்காக முடிவு செய்வது ஆசிரியரின் வேலையன்று. நடுவுநிலை என்பது, ஓதாமல் அமைதியாக அமர்ந்திருப்பாரைக் குறைவாக நோக்காமை. கொல்லாமை என்பது, முதியோரையும் உடற்குறை உடையோரையும் வலிந்து வளைக்காமை. திருமூலர் எண்ணிய ஆதனங்களுள் சுகாதனமும் ஒன்று என்பதை இங்கு நினைக்கலாம். அடக்கம் என்பது, மாணவரின் இசைவின்றி அவர் உடலைத் தொட்டுத் திருத்தாமை.

பகுத்துண்ணல் நம்மவரையே நோக்கிய வினாவாகும். கட்டணத்தாலும் மொழியாலும் எட்டாத இடத்தில் வகுப்பு நடக்குமாயின், இம்மரபிற்கு உரிய தமிழ்த் தொழிலாளர் குடும்பமே வெளியில் நிற்கும். பத்தமடையில் பிறந்த சுவாமி சிவானந்தர் 1913 முதல் 1923 வரை மலாயாவில் மருத்துவப் பணியாற்றினார். 1936இல் ரிஷிகேசத்தில் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கியபோதும் தொண்டையே முதற்படியாக வைத்தார். இம்மண்ணோடு தொடர்புடைய அம்முன்மாதிரி நமக்கு உண்டு. ஆதனங்களின் வடமொழிப் பெயரோடு தமிழ்ப் பெயரையும், தேவையான இடத்தில் மலாய் விளக்கத்தையும் சேர்த்துக் கூறுவது எளிய தொடக்கமாகும். அங்குப் பெயர் மறைக்கப்படுவதில்லை, பொருள் பகிரப்படுகிறது.

முடிவுரை

நீக்குவோர் மரபை இழக்கின்றனர். உரிமை கோருவோர் அண்டை வீட்டாரை இழக்கின்றனர். இரண்டையும் இழக்காத வழி இயமத்தில் உள்ளது. தமிழ்ப் பாடத்தில் திருமந்திரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் மூன்றாம் தந்திரத்தை ஆதனப் பட்டியலாக மட்டும் அறிமுகப்படுத்தாது, அதன் இயமப் பகுதியை முதலில் கற்பித்தல் வேண்டும். அவ்வாறு கற்ற மாணவர் நாளை பட்டர்வொர்த்தில் வகுப்பு நடத்துவாராயின், அங்கு யார் வரலாம் என்னும் வினாவிற்கு ஆதனம் தொடங்கும் முன்னரே விடை கிடைத்திருக்கும்.